தொட்டிக்குள் இருந்த ஹாஜியார்

பொலிஸில், அதுவும் போக்குவரத்துப் பிரிவில் இருந்தவன் என்று தெரிந்துவிட்டால் கல்யாண வீடுகளில் எனக்கு நிம்மதியாகச் சாப்பிடக் கிடைப்பதில்லை. ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கைவைக்கும்போதே யாராவது ஒருவர் அண்ணன் முறை சொல்லிக் கேட்பார்: “நானா, நீங்க பாத்ததில ஆகப் பெரிய எக்சிடன்ட் எது?”

அவர் எதை எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அப்படியானவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். அவற்றை இறைச்சிக்கறிக்கு முன்னால் சொல்ல மாட்டேன், பின்னாலும் சொல்ல மாட்டேன். பதிலுக்கு, நுரைச்சோலைக்கு அந்தப் பக்கம் கழுதை குறுக்கே வந்த கதையைச் சொல்வேன். சொல்லிச் சொல்லி என் மனைவிக்கு அது மனப்பாடம். நான் ஓர் இடத்தை விட்டுவிட்டால் பெண்கள் பக்கத்திலிருந்து அவள் திருத்துவாள். போன மாதம் என் தம்பியின் மகன், அவனும் இப்போது போக்குவரத்துப் பிரிவில்தான் இருக்கிறான், ஒரேயடியாகச் சொல்லிவிட்டான். “பெரியவாப்பா, ஸ்டேஷன்ல புதுசா வந்த பொடியனுகள் அந்தக் கதையக் கேக்கிறானுகள். ஒவ்வொருத்தனுக்கும் என்னால சொல்ல ஏலாது. எழுதித் தாங்க.”

எழுதுகிறேன்.

நான் மன்னாரில் பிறந்தவன். தொண்ணூறில் உம்மா வாப்பாவோடு இடம்பெயர்ந்து புத்தளத்துக்கு வந்து, ஓலைக் கொட்டிலில் படித்து, பொலிஸில் சேர்ந்தேன். பயிற்சிக் கல்லூரியில் சிங்களம் கற்றேன், சப்பாத்து மினுக்கக் கற்றேன், வெயிலில் மயங்கி விழாமல் நிற்கக் கற்றேன். மோட்டார் சைக்கிள் விபத்தில் ஆள் விழுந்த பிறகுதான் எங்கள் வேலை தொடங்குகிறது என்பதையும், அந்த வேலையில் பாதி ஊரவர்களின் உதவியைச் சமாளிப்பது என்பதையும் யாரும் அங்கே சொல்லித் தரவில்லை.

நான் போன முதலாவது விபத்தில், மோட்டார் சைக்கிள் விழுந்த இடத்தில் இல்லை. ஊரவர்கள் அதைத் தூக்கி நிமிர்த்தி, சேறும் இரத்தமும் போகக் கழுவி, வேப்பமர நிழலில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, சாவியையும் பத்திரமாக ஒரு கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். எந்த இடத்தில் விழுந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டினார்கள். தங்கமான மனிதர்கள். தடயம் என்று ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது பிளேன்டீ கொண்டுவந்து தந்தார்கள்.

பிறகு ஹேரத் சேர் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தார். குருநாகல் பக்கத்து மனிதர். ஒல்லியானவர். வாயில் எந்நேரமும் ஒரு கராம்பு இருக்கும். விபத்து நடந்த இடத்துக்குப் போனால் முதலில் தொப்பியைக் கழற்றி ஜீப்பின் முன்பக்கத்தில் கவிழ்த்து வைப்பார். பிறகு அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் தருவார். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நடந்ததைச் சொல்லத் தொடங்குவார்கள். அவர் யாரையும் பார்க்க மாட்டார். “முதல்ல அளப்போம். பிறகு கதைப்போம்,” என்பார். அசையாத இரண்டு பொருட்களைத் தெரிவு செய்வார். மின்கம்பம், மதகு, பழைய மைல்கல், எதுவாகவும் இருக்கலாம். அந்த இரண்டிலிருந்தும் எல்லாவற்றுக்கும் தூரம் எடுக்க வேண்டும். சறுக்கிய தடம், கண்ணாடித் துண்டு, கழன்று போன ஒற்றைச் செருப்பு, எல்லாவற்றுக்கும்.

அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் குறையும். அதிகக் கோபம் வந்தால் நாங்கள் குனிந்து காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். ஒருமுறை லஞ்சம் கொடுக்க வந்த ஒரு லொறி முதலாளியை அவர் திட்டியது அந்த முதலாளிக்கே விளங்கவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரை மீன் வாடிகளில் கேட்டுப் பழகிய தமிழ் அது. அதில் ‘நீங்கள்’ என்ற சொல்லே கிடையாது. பள்ளிவாசல் மௌலவி நிலையத்துக்கு வந்தால் எழுந்து நின்று, கதிரையைத் துடைத்துப் போட்டு, முகம் நிறைய மரியாதையோடு, “வா, வா. இரு. உனக்கு சுகமா?” என்று கேட்பார். மௌலவியும் சிரித்துக்கொண்டே உட்காருவார்.

சம்பவம் நடந்தது ஒரு காலைப்பொழுது. கற்பிட்டி வீதியில், காற்றாலைகள் சுற்றும் இடத்தில், கைவிடப்பட்ட ஓர் இறால் பண்ணைக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று விழுந்து கிடப்பதாகத் தகவல் வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஓட்டியவர் அங்கே இல்லை. வெங்காய லொறிக்காரர் ஒருவர் அவரை மூட்டைகளுக்கு மேலே படுக்க வைத்துப் புத்தளத்துக்குக் கொண்டு போய்விட்டார். மோட்டார் சைக்கிள் வீதியோரத்தில் பக்கவாட்டில் கிடந்தது. கைத்தொலைபேசி ஒன்று நொறுங்கிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் கழுதை நின்றது.

அந்தப் பக்கத்துக் கழுதைகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அவை வீதியைத் தங்களுக்குப் போட்டது என்று நினைப்பவை. இது ஒரு பழுத்த கழுதை. விலாவில் சிறு சிராய்ப்பு. மற்றபடி மோட்டார் சைக்கிளைப் பார்த்தபடி, வழக்கு முடியாமல் போவதில்லை என்ற மாதிரி நின்றது.

“இது யார்ட கழுதை?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன். கூட்டம் வானத்தைப் பார்த்தது. சொந்தம் என்று சொன்னால் வழக்கும் சொந்தமாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் தேநீர்க்கடைக்காரர் ஒருவர் சொன்னார்: “அது தன்பாட்டில இருக்கிற கழுதை, சேர். ஆருக்கும் சொந்தமில்ல.”

ஹேரத் சேர் தொப்பியைக் கவிழ்த்து வைத்தார். மின்கம்பத்தையும் மதகையும் தெரிவு செய்தார். மோட்டார் சைக்கிளை அளந்து முடித்த பிறகு, “கழுதை,” என்றார்.

“சேர், கழுதையையும் அளக்கணுமா?”

“மோதினது ரெண்டு. ஒண்டை மட்டும் அளந்தா கோர்ட்டில சிரிப்பாங்க.”

நான் நாடாவைப் பிடித்துக்கொண்டு கழுதையின் முன்னங்காலுக்குப் போனேன். மின்கம்பத்திலிருந்து தூரம் எடுக்கும்வரை அது ஒத்துழைத்தது. மதகிலிருந்து எடுக்கும்போது நாலு எட்டு வைத்து நகர்ந்துவிட்டது. திரும்ப மின்கம்பத்துக்குப் போனேன். அதுவும் திரும்பியது. காதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். அது என்னைக் கடைவரை இழுத்துக்கொண்டு போனது. கூட்டத்துக்கு அன்று நல்ல பொழுது. இரண்டு அளவுகளையும் வைத்து வரைந்து பார்த்தபோது கழுதை களப்புத் தண்ணீருக்குள் நின்றது. ஹேரத் சேர் அதை நீண்ட நேரம் பார்த்தார்.

“அளவு சரி, நிஸ்தார்,” என்றார் மெல்லிய குரலில். “கழுதைதான் பிழை.”

இவ்வளவும் நடந்தது அந்த இறால் பண்ணையின் உயர்ந்த வரம்புக்கு இந்தப் பக்கத்தில். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. உடைமரமும் பற்றையும் அப்படி மூடிக் கிடந்தது.

ஹேரத் சேர் ஜீப்பை எடுத்துக்கொண்டு, ஓட்டியவரிடம் வாக்குமூலம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். வண்டி யாருடையது என்று கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. ஆளிடம் அடையாள அட்டை இல்லை, சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. இலக்கத் தகடு மட்டும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் இலக்கத்தை வைத்துச் சொந்தக்காரரைத் தேடுவது லேசான வேலையில்லை. ஒருவர் விற்பார், வாங்கியவர் பெயர் மாற்ற மாட்டார். அவர் இன்னொருவருக்கு விற்பார். பதிவில் இருந்தவர் சிலாபத்துக்காரர். தொலைபேசியில் கேட்டபோது, “அந்தச் சனியன இன்னும் ஓட்டுறாங்களா?” என்று ஆச்சரியப்பட்டார். அவர் முந்தலில் ஒருவருக்கு விற்றிருந்தார். முந்தல்காரர், “பிரேக் கொஞ்சம் யோசிச்சுத்தான் பிடிக்கும், அத நான் சொல்லித்தான் வித்த,” என்று தன்னைக் காப்பாற்றிக்கொண்டார். அவரிடம் வாங்கிய புத்தளத்து இளைஞர் சொன்னார்: “கண்டக்குழியில ஒரு எஞ்சின் பாஸுக்குக் குடுத்த, சேர். போட் எஞ்சின் திருத்துற பொடியன். பேர் றியாஸ். ஆள் நல்ல ஆள்.”

பெயர் கிடைத்த மகிழ்ச்சியில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வார்டில் ஒரே களேபரம். றியாஸுக்குத் தாடை உடைந்திருந்தது. நாடியிலிருந்து உச்சந்தலை வரைக்கும் துணியால் கட்டியிருந்தார்கள். ஒரு கை முழுக்கப் பிளாஸ்டர் பத்து, மற்றத் தோளும் கட்டுக்குள். சத்திரசிகிச்சைக்குக் கொண்டு போக வேண்டும். அவனோ ஊசியைப் பிடுங்கிவிட்டு எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிலின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் அவனை அமர்த்திப் பிடித்திருந்தார்கள். ஆள் அமைதியாகும்வரை கொண்டு போக முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

திறக்க முடியாத வாயால் அவனுக்கு ஒரு சொல்தான் வந்தது. “மாமா,” என்றான். “மாமா, மாமா.”

அவன் என்னைப் பார்த்துத்தான் அதைச் சொன்னான். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அவனுக்கு மாமா முறையாகும் வயதுதான் எனக்கு. தலைமாட்டில் போய் நின்று தடவிக் கொடுத்தேன். “ஓம் மகன், மாமா இங்கதான் இருக்கன். பயப்பிடாதீங்க. ஒண்டுமில்ல,” என்றேன். அவன் கண்ணை மூடித் திறந்தான். அந்தப் பார்வையில் இருந்தது நன்றி இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

பிறகு பத்துக்கு வெளியே தெரிந்த இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினான்.

“இதுதான் சேர் காலையில இருந்து,” என்று தாதி மிஸ் சிங்களத்தில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் இரண்டு விரல் காட்டினால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மிஸ் உடனே ஆளனுப்பிப் பெட்பேன் எடுப்பித்தார். கொண்டுவந்து வைத்தார்கள். அவன் தலையணையில் பின்மண்டையை அடித்தான். எடுத்துக்கொண்டு போனார்கள். மறுபடி இரண்டு விரல். மறுபடி பெட்பேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாத்திரம் வந்து போனது. அதைச் சுமந்த அட்டென்டன் கடைசியில், “தம்பி, நீங்க ஒரு முடிவுக்கு வாங்க,” என்று கெஞ்சினார்.

ஹேரத் சேர் கட்டிலின் காலடியில் கதிரையைப் போட்டு, இந்தக் களேபரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாயில் கராம்பு. சிங்களத்தில் ‘மம’ என்றால் ‘நான்’. அவன் மாமா என்று சொல்லும்போதெல்லாம் அவர் காதில் விழுந்தது அதுதான். இவன் ஏதோ சொல்லத் தொடங்கி ‘நான், நான்’ என்பதோடு நின்றுவிடுகிறான் என்று நினைத்து, மிச்சத்துக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

“ஓம், நீ,” என்றார் தமிழில். “நீ என்ன? சொல்லு.”

“மாமா.”

“நீ. சரி. பிறகு?”

இரண்டு விரல்.

ஹேரத் சேர் என் பக்கம் திரும்பினார். குரல் மிகவும் தணிந்திருந்தது. “நிஸ்தார், இவன் பெட்பேன் கேக்கல்ல. நான் கணக்குப் பாத்துட்டன். ஒவ்வொரு தரமும் முதல்ல ‘நான்’ சொல்றான், பிறகு ரெண்டு காட்டுறான். நான், ரெண்டு. நான், ரெண்டு. இவன் தனிய வரல்ல. ரெண்டு பேரா வந்திருக்கான்.”

றியாஸ் அசைவதை நிறுத்தினான். அவன் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது.

எனக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. “சேர்,” என்றேன். “அவன் சொல்றது ‘மம’ இல்ல. மாமா. எங்கட ஆக்கள் பொண்டாட்டிட வாப்பாவையும் மாமா எண்டுதான் சொல்ற.” அவன் பக்கம் குனிந்தேன். “மகன், உங்கட மாமனாரா? பின்னால ஏத்திக்கிட்டு வந்தீங்களா?”

கட்டுப்போட்ட தலையை அவன் எவ்வளவு அசைக்க முடியுமோ அவ்வளவு அசைத்தான்.

ஹேரத் சேர் கதிரையை விட்டு எழுந்தார். கராம்பைத் துப்பினார். அவர் கராம்பைத் துப்பி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். “தொப்பி,” என்றார். நான் எடுத்துக் கொடுப்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

அந்த வீதியில் ஜீப் அன்று போன வேகத்துக்கு வேறு யாராவது போயிருந்தால் நாங்களே பிடித்திருப்போம். நாங்கள் சாவகாசமாகக் கழுதையை அளந்துகொண்டு நின்ற இடத்தில் ஒரு வயோதிபர் கிடந்திருக்கிறார். வெயில் கொளுத்தியது. நான் வாய்க்குள் ஓதிக்கொண்டே போனேன்.

வரம்பில் முதலில் ஏறியவர் ஹேரத் சேர். பற்றையை விலக்கிக் கீழே பார்த்தார். வறண்டு வெடித்த இறால் தொட்டியின் அடியில், உடைமரத்து நிழலை ஒட்டி, ஒரு கறுப்புக் குடை விரிந்திருந்தது. குடைக்குக் கீழே வெள்ளைச் சாரமும் ஒரு காலும் தெரிந்தன. மற்றக் கால் பார்க்கக்கூடாத ஒரு கோணத்தில் கிடந்தது.

“யார் அங்க?” என்று நான் கத்தினேன்.

குடை அசைந்தது. “நீங்க ஆரு? பொலிஸா?” என்று ஒரு குரல் கேட்டது.

“ஓம். பொலிஸ்தான்.”

குடை இன்னும் கீழே இறங்கியது. “அப்ப நான் இங்க இல்ல,” என்றது குரல்.

நாங்கள் சறுக்கிக்கொண்டு இறங்கினோம். எழுபதைத் தாண்டிய மனிதர். அழகாக வெட்டிய வெள்ளைத் தாடி. தலையில் ஹெல்மட். மடியில் ஒரு பை, பக்கத்தில் வெறும் தண்ணீர்ப் போத்தல். உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஆனால் ஆள் நல்ல தெளிவு.

ஹேரத் சேர் முழங்காலிட்டு உட்கார்ந்து, முகம் நிறைய மரியாதையோடு கேட்டார்: “உன்ட பேர் என்ன?”

“என்ன ‘உன்ட’?” என்றார் அவர். “நான் ரெண்டு தரம் ஹஜ்ஜுக்குப் போனவன். காதர் ஹாஜியார் எண்டு கண்டக்குழியில கேட்டுப் பாருங்க.”

“ஹாஜியார்,” என்று நான் குறுக்கிட்டேன், “மோட்டார் சைக்கிள்ல வந்தீங்களா?”

“எந்த மோட்டச் சைக்கிள்?”

“மேல விழுந்து கிடந்திச்சே, அது.”

“அது ஆருடதோ எனக்குத் தெரியா. நான் நடந்து வந்த.”

“தலையில என்ன?”

“ஹெல்மட்.”

“நடந்து வரக்குள்ளயும் ஹெல்மட் போடுவீங்களா?”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “வெயில்,” என்றார்.

ஹேரத் சேர் ஒரு பக்கமாகத் திரும்பி இருமினார். நான் எங்கள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஹாஜியாரின் வாயில் வைத்தேன். “ஹாஜியார், ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்ல. உங்கட மருமகன் ஆஸ்பத்திரியில. தாடை உடைஞ்சி போச்சி, கையும் முறிஞ்சி போச்சி,” என்றேன்.

போத்தலை அவர் கையால் தள்ளினார். “ஆஸ்பத்திரியிலயா? அவன் ஓடிட்டான் எண்டுதானே நான் நினைச்ச.”

“ஓடல்ல. காலையில இருந்து ஒப்பரேஷனுக்குப் போகமாட்டன் எண்டு அடம் பிடிச்சிக்கிட்டுக் கிடக்கான். வாயத் திறக்க ஏலாது. ஒரே ஒரு சொல்லுத்தான் சொல்றான்.”

“என்ன சொல்றான்?”

“மாமா.”

ஹாஜியார் குடையை மெதுவாக மடக்கினார். அதன் பட்டியைச் சுற்றி, பொத்தானைத் தேடி, பூட்டினார். “மாமா எண்டா சொன்னான்?” என்று கேட்டார். “நல்லாக் கேட்டீங்களா?”

“வார்டு முழுக்கக் கேட்டிச்சி.”

“சரி,” என்றார். “தூக்குங்க.”

அந்தச் சொல்லில் என்ன இருந்தது என்பது அன்று மாலை அவருடைய மகள் சம்சியா வந்து சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. றியாஸ் எங்களைப் போல இடம்பெயர்ந்து வந்த குடும்பம். முகாமில் பிறந்தவன். ஹாஜியார் தென்னந்தோட்டக்காரர், ஐந்து தலைமுறையாக ஊரில் இருப்பவர். சம்சியா இவனைத்தான் கல்யாணம் முடிப்பேன் என்று பிடிவாதமாக நின்று முடித்தாள். அதன் பிறகு மாமனும் மருமகனும் ஒரு சொல் கதைத்ததில்லை. ஹாஜியார் அவனைப் பற்றிச் சொல்லும்போது ‘அந்த எஞ்சின் பாஸ்’ என்பார். அவனும் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. அன்று கண் கிளினிக் நாள். வரச் சொல்லியிருந்த வேன் வரவில்லை. சம்சியா இருவரையும் பிடித்து ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றி, ஹெல்மட்டைத் தன் கையாலேயே வாப்பாவுக்கு மாட்டி அனுப்பினாள். ஹாஜியார் மருமகனின் தோளைப் பிடிக்காமல், பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். கழுதை குறுக்கே வந்தபோது வரம்புக்கு மேலால் பறந்ததற்கு அதுதான் காரணம்.

நாங்கள் காலையில் அளந்ததெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. அதை அவரே வார்டில் சொன்னார். “முழிச்சிப் பாத்தா பொலிஸ் சத்தம். வண்டிக்குப் பேப்பர் சரியில்ல எண்டு எனக்குத் தெரியும். அவன் எங்கயோ பாஞ்சி ஒளிஞ்சிட்டான் எண்டு நினைச்ச. நான் வாயத் துறந்தா ஆளப் பிடிச்சிருவீங்க. அதான் மூச்சுக் காட்டாமக் கிடந்த. நீங்க போன பொறகு எழும்பலாம் எண்டு பாத்தா, கால் வரமாட்டன் எண்டுது. பொறகு எவ்வளவு கத்தினாலும் அந்தக் காத்தாலைச் சத்தத்தில ஆருக்குக் கேக்கும்?”

“கதைக்காத மருமகனுக்காகவா அப்பிடிக் கிடந்தீங்க?” என்று கேட்டேன்.

“என்ட மகள்ட புருஷனுக்காகக் கிடந்த,” என்றார் விறைப்பாக. “கழுதை கத்தினதும் கேட்டிச்சி. நீங்க அதோட மல்லுக்கட்டினதும் கேட்டிச்சி. சிரிப்ப அடக்கத்தான் கஷ்டப்பட்ட.”

ஹாஜியாரைத் தள்ளுவண்டியில் வைத்து றியாஸின் கட்டிலுக்குப் பக்கமாக நிறுத்தினோம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “மாமா,” என்றான்.

“ம்,” என்றார் ஹாஜியார். “போய் ஒப்பரேஷனச் செய்யுங்க. சொன்னாக் கேக்கணும்.”

அவன் அடம் பிடிக்காமல் போனான்.

இரண்டு பேரின் கட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். நடுவில் சம்சியா ஸ்டூலில் இருந்து இந்தப் பக்கம் ஒரு கரண்டி கஞ்சி, அந்தப் பக்கம் குழாயால் கொஞ்சம் என்று மாறிமாறிக் கொடுத்தாள். றியாஸின் தாடையைக் கம்பியால் கட்டிவிட்டதால் மாமனார் மட்டும் கதைத்தார். பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் கதைத்தார். தென்னைக்குப் பசளை, மகளின் பிடிவாதம், கண்ணில் படலம், மோட்டார் சைக்கிளின் பிரேக். மருமகன் மறுபேச்சுப் பேச முடியாத அந்த நாட்கள்தான் தனக்கு ஆஸ்பத்திரியில் கிடைத்த பெரிய ஆறுதல் என்று ஹாஜியார் என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஹேரத் சேர் வாக்குமூலம் எடுக்க வந்தார். கதிரையைப் போட்டு உட்கார்ந்து, “மோட்டார் சைக்கிள் என்ன வேகத்தில வந்தது?” என்று கேட்டார். ஹாஜியார் யோசிக்கவே இல்லை.

“கழுதைய விட மெதுவா,” என்றார்.

“அப்ப எப்பிடி மோதினது?”

“கழுதை பின்னால வந்து இடிச்ச.”

காயம் வண்டியின் முன்பக்கத்தில் இருக்கிறதே என்று நான் நினைவூட்டினேன். கழுதை சுற்றிக்கொண்டு வந்திருக்கும் என்றார். ஹேரத் சேர் எழுதுகோலை மூடி வைத்தார். அந்த வாக்குமூலத்தை எடுத்து முடிக்க எங்களுக்கு மூன்று தரம் போக வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் வந்தது. நாடாவைத் தொடுவதற்கு முன் ஹேரத் சேர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, வீதியின் இரண்டு பக்கமும் தனியாக நடப்பார். பற்றை, வடிகான், வரம்பு, மதகுக்குக் கீழே, எல்லாம் பார்ப்பார். கூப்பிட்டும் பார்ப்பார். “இருக்கிறதா?” என்று தன் தமிழில் கத்துவார். எவருமில்லாத வெளியைப் பார்த்துப் பொலிஸ் அதிகாரி ஒருவர் அப்படிக் கேட்பதைப் பார்த்து ஊரவர்கள் ஏதேதோ நினைத்தார்கள். எங்களுக்கு விளங்கும். இப்போதுள்ள பிள்ளைகள் கைத்தொலைபேசியில் படமெடுத்து, அதிலேயே தூரமும் எடுத்துவிடுகிறார்கள். நல்ல விஷயம். நடக்கிற பழக்கத்தையும் வைத்துக்கொண்டால் போதும்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. கவனயீனமாக ஓட்டிப் பின்னால் இருந்தவருக்குக் காயம் ஏற்படுத்தியதாக றியாஸ் மேல் குற்றச்சாட்டு. சட்டம் அப்படித்தான். கழுதையின் மேல் வழக்குப் போட வழியில்லை. றியாஸ் கூண்டில் தலையைக் குனிந்துகொண்டு நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டான். தாடை பொருந்தியிருந்தது, ஆனால் சொற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தன. காயப்பட்டவருக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதவான் கேட்டார். ஹாஜியார் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தார். சம்சியா பின் வரிசை வாங்கில் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஹேரத் சேர் என் பக்கத்தில் நின்றார்.

“இந்தக் காயம் உங்களுக்கு எப்படி ஏற்பட்டது?” என்று நீதவான் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

“கழுதையால, ஐயா.”

மன்றில் சிரிப்பு எழுந்தது. நீதவான் கையை உயர்த்தி அதை நிறுத்தினார். “மோட்டார் சைக்கிளை ஓட்டியது யார்?”

“என்ட மகன்.”

நீதவான் முன்னால் இருந்த கோப்பைப் புரட்டினார். “இதில் மருமகன் என்றல்லவா எழுதியிருக்கிறது?”

ஹாஜியார் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நீதவானைப் பார்த்தார்.

“எழுத்தில அப்பிடித்தான் இருக்கும், ஐயா,” என்றார்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்வதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தார். நீதவான் கோப்பை மூடினார். கடுமையாக எச்சரித்து றியாஸை விடுவித்தார். பிரேக்கைத் திருத்தும்படியும் சொன்னார். வெளியே வந்ததும் ஹேரத் சேர் சட்டைப் பையிலிருந்து ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஹாஜியாரிடம் போய், அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார்.

“நீ நல்ல மனுசன்,” என்றார்.

ஹாஜியார் அன்று அந்த ‘நீ’யைத் திருத்தவில்லை.